கடிச்சுப் பிடி

இடது கீழ்க் கடைவாயில் தொடங்கிய வலி காதுக்குள் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நிக்கலஸ் சோற்றுப் பார்சலைச் சுருட்டி மூடினார். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. கருவாட்டுத் துண்டு ஒன்று பல்லில் பட்டதுதான். அதற்குப் பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை. வயிறு பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாய் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒன்பது மாடிக் குடியிருப்பின் கேட்டில் அவருக்குக் காவல் வேலை. நீல சேர்ட், கம்பனித் தொப்பி, பிளாஸ்டிக் கதிரை. அறுபதைத் தொடப்போகிற மனிதருக்கு அது சொகுசுதான். அதற்கு முன்னால் இருபத்தைந்து வருடம் புறக்கோட்டையில் நாட்டாமி. நாட்டாமி என்றால் கொழும்பில் ஊர்ப் பெரியவர் இல்லை, மூட்டை சுமக்கிறவன். அந்த வேலைக்கு முதுகு தாங்கியது, முழங்கால் தாங்கியது. இப்போது உட்கார்ந்திருக்கிற வேலைக்கு ஒரு பல் தாங்கவில்லை.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் டொக்டர் உஷாந்தியின் பல் கிளினிக் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னேரம் காரை உள்ளே விடும்போது கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன அங்கிள், கன்னத்தில கை? கப்பல் கவிண்டிட்டுதோ?"

"கப்பல் இல்ல டொக்டர். பல்லு."

"ரெண்டு வருசமா என்ர வாசல்லயே இருந்துகொண்டு இப்பதான் சொல்லுறியளோ? வாங்கோ உள்ள."

கதிரையில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். கம்பியின் பிடியால் பல்லின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். நிக்கலசின் இரண்டு கால்களும் தாமாக எழும்பி இறங்கின.

"நரம்பு வரைக்கும் பழுதாப் போச்சு. ஆனா பல்லு நல்ல உறுதி அங்கிள், புடுங்கத் தேவையில்லை. வேர்ச் சிகிச்சை செய்யலாம், ரூட் கெனல். மூண்டு தரம் வரவேணும். முப்பத்தெட்டாயிரம். பிறகு மேல ஒரு கிரவுண் போடவேணும், இல்லாட்டிப் பல்லு வெடிக்கும். அது நாப்பத்திரண்டு."

"கிரவுணா? சோடாப் போத்தல் கிரவுண எல்லாம் நான் இந்தப் பல்லாலதானே கழட்டினேன். இப்ப இதுக்கே கிரவுண் போடணுமா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதாலதான் அங்கிள் இந்த நிலைமை."

பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே நேராகச் சொன்னாள். "நான் கட்டாயப்படுத்தயில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமச் செய்வினம், திகதி எடுத்துக்கொண்டு போகவேணும். புடுங்கிறதெண்டா மூவாயிரத்தைந்நூறோட அலுவல் முடியும். வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. ஆனா கனநாள் யோசிக்காதேங்கோ."

அன்றைக்குப் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. வலிக்குளிசை ஒரு அட்டை கொடுத்து அனுப்பினாள்.

கொட்டாஞ்சேனையில் நிக்கலசின் வீடு ஒரு தோட்டத்துக்குள் இருந்தது. தேயிலைத் தோட்டம் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய சிறுவீடுகள் நிறைந்த கொழும்புத் தோட்டம். அவர் மனைவி மாக்ரெட் விடியப்புறம் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறவள். அந்தக் காசில் சீட்டுப் பிடித்து, அந்த மாதம்தான் எண்பதாயிரம் எடுத்திருந்தாள். மழைக்கு ஒழுகும் கூரைத் தகட்டை மாற்றுவதற்கு என்று.

"எண்பதாயிரமா? ஒரு பல்லுக்கா?" என்றாள். "ஒங்க வாயில மிச்சம் இருக்கிறத எல்லாம் சேத்து வித்தாலும் அவ்வளவு வராதே."

"மிச்சம் இல்லாததுனாலதான்டி கேக்கிறேன்."

அது உண்மை. வலது பக்கத்தில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. புறக்கோட்டைக் காலத்தில் பல் வலித்தால் யோசனை கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி பின்னேர லோடுக்கு வந்து நிற்பார்கள். அன்றைக்கு மூட்டை தூக்கும் கூட்டத்தில் மற்றவர்கள் பிடுங்கியவனுக்குப் பாரம் குறைந்த மூட்டையாகப் பார்த்து ஏற்றிவிடுவார்கள். பல் பிடுங்குவது அவ்வளவுதான், முகம் வழிப்பது மாதிரி. அப்படியே ஒவ்வொன்றாகப் போய்விட்டது. இப்போது அரைக்கிற வேலை முழுவதையும் செய்வது இடது கீழ்ப் பல் ஒன்றும் அதற்கு மேலே நிற்கிற சோடிப் பல்லும்தான். கீழ்ப் பல் போனால் மேல் பல் சும்மா தொங்கும். அதற்குப் பிறகு சாகும்வரை குழைந்த சோறு, தேநீரில் நனைத்த பாண்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்களேன்," என்றாள் மாக்ரெட். "சும்மா செய்வாங்க."

போனார். வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தபோது, கொழும்பில் பல் உள்ளவன் எல்லாம் அங்கேதான் நிற்கிறான் போலிருந்தது. வேர்ச் சிகிச்சைக்குக் கிடைத்த திகதி இரண்டரை மாதம் தள்ளி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வலியை இரண்டரை மாதம் வைத்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் லீவு கேட்டால் கம்பனி அந்தக் கேட்டுக்கு வேறு ஆளைப் போட்டுவிடும்.

"அப்ப புடுங்கிட்டு செட் பல்லு கட்டுங்க. எங்க அம்மாக்குக் கட்டல்லையா?"

"ஒங்க அம்மா அதக் கழட்டி கிளாசுல போட்டுட்டுத்தானே சாப்பிட்டா."

அது நடந்ததுதான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள். ஜும்மா முடிகிற நேரம் பார்த்து புறக்கோட்டைக்கு மக்கீனைத் தேடிப் போனார். மக்கீன் தெமட்டகொடைக்காரர். ஒரே கைவண்டியில் இருவரும் இருபது வருடம் வேலை செய்தவர்கள். முதுகு விட்டுப்போன பிறகு மக்கீன் ஒரு சந்துக்குள் சின்ன வெங்காயக் கடை போட்டுவிட்டார். கடை என்றால் ஆள் உள்ளே போக முடியாது. மூட்டை உள்ளே, ஆள் வெளியே.

நிக்கலஸ் விஷயத்தைச் சொன்னார். மக்கீன் முழுவதையும் கேட்டார். பிறகு வாய்க்குள் விரலை விட்டு, கீழ்ப்பல் செட்டைக் கழற்றித் தராசுத் தட்டில் வைத்தார்.

"பாரு மச்சான். நல்லாப் பாரு. பதினெட்டாயிரம் குடுத்துக் கட்டினது."

"எடுத்து உள்ள போடு. யாவாரத்துக்கு ஆள் வருது."

மக்கீன் அதைத் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "இதால தின்னா அடுத்தவன்ட வாயால தின்ற மாதிரி. மட்டன் வாங்குறது நான், வேக வெக்கிறது எங்கட வீட்டுல, ருசி எங்கேயோ வேற யாருக்கோ போகுது. புடுங்குன்னு நான் செல்ல மாட்டேன். எனக்கு ஒண்டே ஒண்டு மிச்சம் ஈந்திருந்தா அதுக்கு நான் நோன்பு புடிச்சிருப்பேன்."

"எண்பதாயிரம் மச்சான்."

"ஈக்கட்டும். ஒன்ட வாய் என்ன வாய். மறந்திட்டியா?"

மறக்கவில்லை. நாலாம் குறுக்குத் தெருவில் அப்போது ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. காலை லோடு முடிந்ததும் கூட்டத்து ஆறு பேரும் அங்கே ஒரே பலகையில் நெருங்கி உட்காருவார்கள். ரோஸ் பாண், மாட்டெலும்பு சூப், கடைசியில் பிளேன்டீ. ரோஸ் பாணின் மேற்பொருக்கு நொறுங்குகிற சத்தம் அடுத்த மேசைவரை கேட்கும். மற்றவர்கள் உறிஞ்சிப் பார்த்துவிட்டு முடியாமல் வைக்கிற எலும்பு எல்லாம் நிக்கலசின் பக்கம் தள்ளப்படும். அவர் கடைவாயில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார். 'டக்' என்று உடையும். உடைத்து உரியவனிடமே திருப்பிக் கொடுப்பார். உள்ளே இருக்கிறதை அவன் உறிஞ்சிக்கொள்வான். கடைக்காரர், "நிக்கலஸ் வந்தா கத்தி தேவையில்ல" என்பார். வியர்வையும் மிளகாய்த் தூசியும் சாக்கு மணமுமாய் ஆறு பேர். வறுமைதான். மாலையில் முழங்கால் மடங்காது. ஆனால் அந்தப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி அதன் பிறகு எந்த மேசையிலும் நிக்கலஸ் சாப்பிட்டது கிடையாது. அந்த ஆறில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவர் கொலன்னாவையில் பாரிசவாதம் வந்து படுக்கை. ஒருவர் மலைநாட்டுக்கு மகளிடம் போனார், செய்தியே இல்லை. மிச்சம் இந்த இரண்டு பேர். அதில் ஒருவருக்குப் பல் இல்லை.

"சரி," என்றார் நிக்கலஸ். "வெச்சிருப்போம்."

மாக்ரெட் சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கூரையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் வேலை முடிந்து சேர்ட்டை மாற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். உஷாந்தி விறைப்பு ஊசி போட்டாள். வாயின் இடது பக்கம் மரக்கட்டை ஆயிற்று. ஊசி வேலை செய்ய விட்டு, முதலில் வேரைப் படம் எடுக்கவேண்டும் என்றாள். வயர் பூட்டிய ஒரு சிறு கறுப்புத் தகட்டை எடுத்தாள். பெருவிரல் அகலம்தான் இருக்கும். வயரின் மறுமுனை கம்பியூட்டரில் இருந்தது.

"இதை உள்ளுக்கு வைச்சாப் படம் அங்க ஸ்கிரீன்ல வரும். கொஞ்சம் உறுத்தும், அசையாதேங்கோ."

தகட்டைப் பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் செருகினாள். அன்றைக்கு வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். உதவிக்கு நிற்கிற நதீஷா யாருக்கோ பில் போட்டுக்கொண்டிருந்தாள். உஷாந்தி படம் எடுக்கிற குழாயை அவர் கன்னத்துக்கு நேரே இழுத்து வைத்துவிட்டு, கம்பியூட்டர் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்:

"கடிச்சுப் பிடிங்கோ அங்கிள்."

இருபத்தைந்து வருடம் அவர் கேட்ட சொல் அது.

லொறி வந்து நிற்கும். பின் பலகை இறங்கும். மேலே நிற்கிறவன் மூட்டையைச் சரித்து முதுகில் வைப்பான். இரண்டு கையும் பின்னால் போய்ச் சாக்கின் காதைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் மூட்டைக் கணக்குப் பார்க்கிற கிளாக்கர் ஒரு தகரத் துண்டை எடுத்து வாய்க்குள் செருகிச் சொல்லுவார்: "கடிச்சுப் பிடி." ஒரு மூட்டைக்கு ஒரு தகரம். கை இரண்டும் மூட்டையில் இருப்பதால் தகரத்துக்கு இடம் வாய்தான். ஸ்டோருக்குப் போனதும் அங்கே இருக்கிறவர் வாயிலிருந்து உருவி எடுத்துப் பெட்டியில் போடுவார். வழியில் விழுந்தால் அந்த மூட்டை கணக்கில் இல்லை. குனிந்து எடுக்கவும் முடியாது. குனிந்தால் மூட்டை தலைக்கு மேலால் போகும். அதனால் புதிதாக வருகிறவன் முதலில் பழகுவது சுமப்பதை இல்லை, கடிப்பதை. தகரத்தை நாக்கால் தள்ளிக் கடைவாய்க்குக் கொண்டுபோய், மேலும் கீழும் பூட்டிவிட வேண்டும். பூட்டினால் பிறகு தும்மினாலும் விழாது.

வாயில் தகரம் இருக்கும்போது வழி விடச் சொல்லிக் கத்த முடியாது. ஆகவே மூக்கால் 'ம்ம், ம்ம்' என்று முனகிக்கொண்டு ஓடுவார்கள். புறக்கோட்டைச் சனத்துக்கு அந்த முனகல் தெரியும். திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கும். மக்கீன் அந்த முனகலிலேயே கிளாக்கரை ஏசுவார். முன்னால் போகிறவனுக்கு அது புரிந்து சிரிப்பு வந்து, சிரிக்கவும் முடியாமல், தகரத்தைக் கடித்துக்கொண்டு கண்ணால் தண்ணீர் வழிய ஓடுவான். தகரத்தில் எல்லோருடைய எச்சிலும் இருக்கும். உப்புக் கரிக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

நிக்கலசின் நாக்கு தானாக அசைந்தது. தகட்டை இரண்டு பல்லுக்கும் நடுவில் கொண்டுவந்தது. விறைத்துப் போன வாயில் வலி தெரியவில்லை. தாடை இரண்டும் பழைய இடத்தில் பூட்டிக்கொண்டன.

'டக்'.

உஷாந்தி திரும்பினாள். ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது. பட்டனை மறுபடியும் அழுத்தினாள். கறுப்புத்தான்.

"நதீஷா, மேக்க பலன்ன," இதைப் பார் என்று சிங்களத்தில் கூப்பிட்டாள்.

நதீஷா வந்து வயரை ஆட்டிப் பார்த்தாள். கழற்றிப் பூட்டினாள். "டொக்டர், இமேஜ் எக்க என்னே நே," என்றாள். படம் வரவில்லையாம். அதற்குள் உஷாந்தி அவர் வாயைத் திறந்து தகட்டை வெளியே எடுத்துவிட்டாள். வயர் பூட்டுகிற கழுத்தில் ஒரு வெடிப்பு. மேலே இரண்டு பல் தடம்.

நிக்கலஸ் கேட்டார், மரத்துப்போன வாயால்: "ஒடைஞ்சிருச்சா?"

உஷாந்தி நாற்காலியில் உட்கார்ந்து தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வயது ஏறிய மாதிரி இருந்தது.

"இது புதுசு வாங்கிறதெண்டா ஆறு லட்சம் அங்கிள்," என்றாள். "டொலர் ஏறினாப் பிறகு வாங்கினது. பாங்க் லோன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறன்." சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து புதுக் கையுறை போட்டாள். "அதை விடுங்கோ. இண்டைக்கு நரம்பைத் திறந்து மருந்து வைச்சு விடுறன். வலி நிண்டிடும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

வலி நின்றது. அன்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு இடது கன்னத்தைத் தலையணையில் வைத்துப் படுக்க முடிந்தது. தூக்கம்தான் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் தகட்டை விற்ற கம்பனியின் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான். புதிதாக வாங்கத் தேவையில்லை, கழுத்தையும் வயரையும் மாற்றினால் போதும், ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று சொன்னானாம். இதை நிக்கலசுக்குச் சொன்னது நதீஷா. டொக்டர் சொல்லவில்லை. காரை உள்ளே விடும்போது வழக்கம்போலச் சிரித்தாள். ஆனால் கண்ணாடியை இறக்கவில்லை.

"கடிங்கன்னு சொன்னாங்க, நீங்க கடிச்சீங்க," என்றாள் மாக்ரெட். "இதுல ஒங்க பிழை என்ன இருக்கு?"

"இவ்வளவு பலமாக் கடிக்கச் சொல்லல்லையே."

"எவ்வளவுன்னு அளந்தா சொன்னாங்க? படிச்சவங்க ஒழுங்காச் சொல்லணும். இனி அந்தப் பக்கம் போகாதீங்க. மிச்சத்துக்கு இங்க கொட்டாஞ்சேனையில யாருக்கிட்டயாச்சும் புடுங்கிட்டு, காசக் கொண்டு வாங்க. கூரையாச்சும் மாறும்."

அவள் சொன்னது நியாயம். கணக்கும் சரி. மூவாயிரத்தைந்நூறில் பல் போகும், எழுபத்தாறாயிரத்து ஐந்நூறு மிஞ்சும், கூரை மாறும், டொக்டர் கேட்கப் போவதில்லை. ஒரு கஷ்டம்தான்: நிக்கலஸ் காலையில் அதே கேட்டில் போய் உட்கார வேண்டும். பின்னேரம் அந்தக் கார் வரும், அவர்தான் கேட்டைத் திறக்க வேண்டும்.

மறுபடியும் மக்கீனிடம் போனார்.

மக்கீன் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துப் பல் செட் கழன்று, கையால் ஏந்திப் பிடித்தார். பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"தகரம்னு நெனச்சியா மச்சான்? ஆறு லட்சத்துத் தகரம்! நம்மட கிளாக்கர் பாத்திருந்தா ஒனக்கு மாலை போட்டிருப்பான்."

"சிரிக்காத. நான் என்ன செய்யிறதுன்னு சொல்லு."

மக்கீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஒடைவுக்கு நாங்க என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

புறக்கோட்டையில் உடைவு என்று ஒன்று இருந்தது. மூட்டை கிழிந்து சீனி கொட்டினாலும், எண்ணெய்த் தகரம் நசுங்கினாலும் முதலாளி காசு பிடிப்பார். அதைச் சுமந்தவனிடம் மட்டும் பிடிக்க நாட்டாமிகள் விடமாட்டார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் பங்கு போட்டுக் கொடுக்கும். யாருடைய கால் சறுக்கியது என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்கிறவனுடைய கால் நாளைக்குச் சறுக்கும். கிளாக்கர் பிழையாகச் சொல்லி ஆகிற உடைவு என்றால் அதில் பாதி கிளாக்கருடையது. அதுவும் ஒரு பெரிய சண்டை பிடித்து வாங்கிய வழக்கம்தான். சண்டையில் முன்னால் நின்றது இதே மக்கீன்.

"கிளாக்கர் பாதி, கூட்டம் பாதி," என்றார் மக்கீன். "நம்மட பாதி எவ்வளவு? எண்பது. கூட்டத்துல இப்ப ஈக்கிறது நீயும் நானும்." கல்லாப் பெட்டியைத் திறந்து, கிடந்த நோட்டை எல்லாம் எடுத்தார். எண்ணி, றப்பர் போட்டு நீட்டினார். "இருபது. கடை ஓடுறது இவ்வளவுதான், கொறைய நெனைக்காத."

"நான் கடன் கேட்டு வரல்ல மக்கீன்."

"கடன் யாரு செல்றது? ஒடைவுக்குக் குடுத்ததத் திருப்பிக் குடுத்தவன் எவன் ஈக்கிறான்? ஒன்ட வலது பக்கப் பல்லெல்லாம் போன நேரம் ஒன்ட மூட்டைய யாரு தூக்கின? அதுக்கு நீ சல்லி தந்தியா?"

நிக்கலஸ் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மக்கீன் வாங்கிப் பெட்டியில் திருப்பிப் போட்டிருப்பார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தார். உஷாந்தி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அங்கிள். படம் வெளியில எடுத்துக்கொண்டு வரத் துண்டு எழுதித் தாறன். எங்கட சாமான் திருத்தி வர நாளெடுக்கும்."

"டொக்டர், அந்தக் காசக் கதைக்கத்தான் வந்தேன். ஒரு லட்சத்து அறுபதுன்னு நதீஷா மிஸ் சொன்னாங்க."

உஷாந்தி நதீஷாவைப் பார்த்தாள். நதீஷா பஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

"நீங்கள் ஏன் அதைக் கதைக்கிறியள்? நான் கேக்கயில்லையே."

"ஒடைச்சது என் பல்லு."

"சொன்னது என்ர வாய். 'மெதுவா வாயை மூடுங்கோ' எண்டுதான் சொல்லவேணும், படிக்கேக்கயே சொல்லித் தந்தவை. அவசரத்தில 'கடி' எண்டு வந்திட்டுது. உங்களிட்ட முழுக் காசும் வாங்கினா என்னால சாப்பிடேலாது."

"அப்ப பாதி. நீங்க பாதி, நாங்க பாதி."

"நாங்களோ? வேற ஆர்?"

"எங்க கூட்டம்."

அவளுக்கு விளங்கவில்லை. நிக்கலஸ் தகரத்தைப் பற்றிச் சொன்னார். மூட்டை, கிளாக்கர், கடிச்சுப் பிடி, முனகல், உடைவு எல்லாம் சொன்னார். அவள் முதலில் நின்றபடி கேட்டாள், பிறகு நோயாளி உட்காருகிற கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எல்லாற்ற வாய்க்கும் அதே தகரமோ? கழுவாமலோ?"

"கழுவினா எப்ப டொக்டர் லொறி இறக்கிறது?"

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள்.

"அப்ப நான்தான் கிளாக்கர்," என்றாள்.

"ஓம் டொக்டர்," என்றார் நிக்கலஸ், அவளுடைய பாசையிலேயே.

இரண்டு கட்டுகளை மேசையில் வைத்தார். மக்கீனின் இருபது. கிரவுண் போடுவதற்கு என்று வைத்திருந்த நாற்பத்திரண்டு. அவள் வாங்கமாட்டாள் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தார். வழியில் வரும்போது அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். அவள் வாங்கினாள். எண்ணினாள். மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினாள். அவளுக்கும் மாதம் பிறந்தால் பாங்க்குக்குப் போக வேண்டியிருந்தது.

"கிரவுண் இல்லாட்டி என்ன செய்யப்போறியள்?"

"நீங்கதான் சொல்லணும்."

"வேரை முடிச்சு, மேல சாதாரண அடைப்புப் போட்டு விடுறன். நிக்கும். ஆனா பொருக்கு, எலும்பு ஒண்டும் அதில கடிக்கக் கூடாது. கடிச்சா நடுவால பிளக்கும். பிறகு புடுங்கிறதுதான், என்னட்டக் கேக்கக் கூடாது."

"எவ்வளவு நாளைக்கு?"

"கிரவுண் போடும்வரைக்கும்."

அடுத்த மாதத்துக்குள் வேர்ச் சிகிச்சை முடிந்தது. திருத்தி வந்த தகட்டை வைத்துக் கடைசிப் படம் எடுத்தபோது, நதீஷா அதைத் தன் விரலாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "சிம்பிளா மூடுங்க, சிம்பிளா," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். நிக்கலஸ் முட்டையை வாயில் வைத்திருக்கிறவர் மாதிரி மூடினார். ஸ்கிரீனில் பல் வந்தது. இரண்டு வேர்களும் அடியில் லேசாக வளைந்து, நீண்டு நின்றன. இவ்வளவு நீளமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டில் இப்போது பார்சலை முழுக்கச் சாப்பிடுகிறார். மீன், பருப்பு, கீரை எல்லாம் இடது பக்கத்திலேயே அரைபடுகின்றன. பொருக்கைப் பிய்த்துவிட்டுப் பாணின் நடுவைத் தின்கிறார். வெள்ளிக்கிழமைகளில் புறக்கோட்டைக்குப் போனால், மக்கீனும் அவரும் சூப்பைக் குடித்துவிட்டு எலும்பைக் கோப்பையிலேயே விட்டுவருகிறார்கள். மாக்ரெட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் மழைக்கு வாளி வைத்திருக்கிறது. பின்னேரம் கார் வரும்போது அவர் கேட்டைத் திறக்கிறார், டொக்டர் கண்ணாடியை இறக்கி ஏதாவது கதைக்கிறாள். மிச்சக் காசைச் சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாக நிக்கலஸ் சொல்லியிருக்கிறார். முதல் மாதத்துக் காசு மாக்ரெட்டின் சீட்டுத் தவணைக்குப் போய்விட்டது. கூட்டத்தின் பாதியில் டொக்டர் உஷாந்திக்கு நிக்கலஸ் இன்னும் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது.